இரண்டு வீட்டுக்கு ஒரு பல்பு

என் வயதுக்காரர்களே, உங்கள் வீட்டிலும் இந்நேரம் குண்டு பல்பெல்லாம் போய் எல்இடி வந்திருக்கும். என் மகன் போன முறை வந்தபோது வீடு முழுக்க மாற்றிவிட்டுப் போனான். எரிந்துகொண்டிருந்த ஒன்றைக் கையால் பிடித்துக் காட்டி, "பாரும்மா, சுடவே இல்ல. கரண்ட்டும் கம்மி. நீயும் தொட்டுப் பாரு" என்றான். நான் தொடவில்லை. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

எரிகிற பல்பை ஒரு கை மூடிப் பிடித்திருப்பதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கால் சில்லிட்டுப் போகும். ஏன் என்று அவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? உங்களிடம் சொல்கிறேன். அந்தக் காலத்து வீடுகளின் இருட்டு எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

எழுபதுகளின் கடைசி. எனக்குப் பத்து வயதிருக்கலாம். சோளிங்கரில் அம்மா மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டாள். அப்பா என்னை ஆம்பூரில் பெரியம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டார். தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்ட சமயம். ரயிலை விட்டு இறங்கியதுமே தோல் பதனிடுகிற டேனரிகளின் நாற்றம் மூக்கில் ஏறியது. சுண்ணாம்பில் ஊறிய தோல், கடுக்காய், அழுகல் எல்லாம் கலந்த நாற்றம். நான் முந்தானை இல்லாததால் பாவாடையைத் தூக்கி மூக்கைப் பொத்திக்கொண்டேன். அழைக்க வந்த பெரியப்பா சிரித்தார்.

"ரெண்டு நாள்ல பழகிடும் பாப்பா. அப்புறம் இது இல்லன்னா தூக்கம் வராது."

பெரியப்பா ஒரு டேனரியில் வயர்மேன். பெரியம்மா ஊரிலேயே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தெருவில் எல்லாரும் அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

நாள் முழுக்கக் கரண்ட்டோடு வேலை செய்கிற மனுஷன் வீட்டில் கரண்ட்டை அப்படிச் சிக்கனம் பிடிப்பார். ஓட்டுக்கு நடுவில் அங்கங்கே கண்ணாடி ஓடு பதித்திருந்தார். பகலில் அதுதான் விளக்கு. சுவருக்கு வருஷம் தவறாமல் அவரே வெள்ளையடிப்பார். சுவர் வெள்ளையாக இருந்தால் சின்ன பல்பே போதும் என்பார். சோறு கொதி வந்ததும் பானையை இறக்கி, வைக்கோல் திணித்த மரப்பெட்டிக்குள் வைத்து மேலே சாக்கைப் போட்டு மூடிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து திறந்தால் சோறு பூப்போல வெந்திருக்கும். குளித்த தண்ணீர் வாழைக்குப் போகும். பாத்திரத்துக்குச் சாம்பலும் தேங்காய் நாரும்தான். இப்போது பள்ளிக்கூடத்தில் சுற்றுச்சூழல் என்று இதையெல்லாம் பாடமாக வைத்திருக்கிறார்கள். பெரியம்மா அதற்கு 'உங்க பெரியப்பா பைத்தியம்' என்று பேர் வைத்திருந்தாள்.

"கரண்ட்டு சும்மா வர்றதில்ல பாப்பா. எங்கியோ ஒருத்தன் உக்காந்து கரிய அள்ளிக் கொட்டிக்கினே இருக்கான்" என்பார் பெரியப்பா. அதைக் கேட்ட பிறகு சுவிட்சைப் போடும்போதெல்லாம் கறுப்பாக ஒரு ஆள் எங்கேயோ குனிந்து நிமிர்வது போல எனக்குத் தோன்றும்.

அந்த வீடு முழு வீடு இல்லை. சாயபு ஒருவருக்குச் சொந்தமான நீளமான ஓட்டு வீட்டை நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் எழுப்பி இரண்டு போர்ஷனாகப் பிரித்திருந்தார்கள். பக்கத்துப் போர்ஷனில் டேனரி மேஸ்திரி ஒருத்தர் இருந்தார். இரண்டு போர்ஷனிலும் நடு அறைக்கு ஜன்னல் கிடையாது. பெரியப்பா என்ன செய்தாரென்றால், அந்தப் பொதுச் சுவரில் கை தூக்கினால் எட்டுகிற உயரத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு ஓட்டை போட்டு, அதன் நடுவில் ஒரு நாற்பது வாட் பல்பைத் தொங்கவிட்டார். இரண்டு வீட்டுக்கு ஒரு பல்பு. சுவிட்ச் எங்கள் பக்கம். மேஸ்திரியும் அவர் சம்சாரமும் அதைக் கொண்டாடினார்களாம். விளக்கு வைத்த பிறகு அந்தப் பக்கத்திலிருந்து மேஸ்திரி சம்சாரமும் இந்தப் பக்கத்திலிருந்து பெரியம்மாவும் ஓட்டை வழியாகக் கதை பேசுவார்களாம்.

நான் போனபோது அந்தப் பேச்சு நின்று வெகுநாளாகியிருந்தது. மேஸ்திரி சம்சாரம் குடியாத்தத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்கள். "நா ஒண்டி ஆளு, எனக்கெதுக்குண்ணா வெளிச்சம்" என்று சொல்லி மேஸ்திரி தன் பக்கத்து ஓட்டையை அட்டை வைத்து அடைத்துவிட்டார். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் பல்புக்குப் பின்னால் சோப்புப் பெட்டி அட்டை ஒன்று பழுப்பாகத் தெரியும். மேஸ்திரிக்கு ரெண்டாம் ஷிப்ட். மத்தியானம் வெளியே பூட்டைப் போட்டுவிட்டுப் போனால், நான் தூங்கின பிறகுதான் வருவார்.

வீட்டில் எனக்கென்று ஒரு வேலை கொடுத்திருந்தார் பெரியப்பா. சனிக்கிழமை காலையில் முக்காலி போட்டு ஏறி எல்லா பல்பையும் துடைக்க வேண்டும். "கரி ஏறுன பல்பு கரண்ட்டை முழுசா தின்னுட்டு வெளிச்சத்த பாதிதான் குடுக்கும்" என்பார். அடுப்படி பல்பு கறுத்துப் பிசுபிசுவென்று இருக்கும். ஓட்டைப் பல்பும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அதன் முன்பக்கம்தான் அழுக்காக இருந்தது. பின்பக்கம், அட்டையைப் பார்த்த பக்கம், துடைத்து வைத்த மாதிரி பளபளவென்று இருந்தது. முதல் வாரம் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும்.

"பெரியப்பா, இதைப் பின்னால யாரோ தொடச்சிருக்காங்க."

"நீதான் போன வாரம் தொடச்சே."

"நா முன்னாலயும்தான தொடச்சேன்?"

அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

அப்புறம் அந்தச் சத்தம். சாப்பாடும் என் பாடமும் முடிந்ததும் பெரியப்பா சுவிட்சை அணைத்துவிடுவார். டக்கென்று இருட்டு விழும். உடனே சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ தட்டும். பலமாக இல்லை. ஈரத் துணியால் அடித்த மாதிரி தொப்பென்று. சற்று விட்டு இன்னொன்று. அப்புறம் சுவரை மேலிருந்து கீழே தடவுகிற மாதிரி ஒரு இழுப்பு. விளக்கு எரிகிறபோது அந்தச் சத்தம் வந்ததே இல்லை. அணைத்தால் மட்டும்தான் வரும்.

"பெருச்சாளி" என்றார் பெரியப்பா. நாளாக ஆக அதைச் சொல்கிறபோது அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

எதிர்வீட்டு அம்மாதான் அதற்கு வேறு பேர் வைத்தாள். மேஸ்திரி சம்சாரம் அம்மா வீட்டுக்குப் போகவே இல்லை, போனவள் ஒரு கடுதாசி கூடவா போடமாட்டாள், அவள் செத்துப்போய்விட்டாள், மேஸ்திரி மறைக்கிறார், அவள் வாழ்ந்த வீட்டை விட்டுப் போகமாட்டாமல் சுற்றுகிறாள் என்று வாசலில் நின்று சொன்னாள். பெரியம்மா அதட்டினாள். "கொழந்த முன்னாடி இன்னா பேச்சு பேசறீங்க?" அந்த மாதம் அவளுக்கு நைட் டூட்டி. விளக்கு அணைகிற நேரத்தில் அவள் வீட்டில் இருந்ததே இல்லை. அதனால் அவளுக்கு எல்லாமே வெறும் பேச்சாக இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் நல்ல மழை. பாலாற்றில் தண்ணீர் வந்துவிட்டதென்று தெருவே பார்க்க ஓடியது. பெரியம்மா டூட்டிக்குப் போய்விட்டாள். பெரியப்பா வேலை முடிந்து இன்னும் வரவில்லை. கண்ணாடி ஓட்டு வெளிச்சம் சாம்பல் பூத்து மங்க, நான் சுவிட்சைப் போட்டுவிட்டு நடு அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஓட்டின் மேல் மழை இரைந்தது.

நோட்டின் மேலிருந்த வெளிச்சம் அசைந்தது. பல்பு ஆடுகிறதென்று நிமிர்ந்தேன்.

அட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதற்குப் பின்னால் இருட்டு. அந்த இருட்டிலிருந்து ஒரு கை வந்தது. துணி ஒன்றைப் பிடித்திருந்தது. பல்பைத் துடைத்தது. குழந்தைக்கு முகம் துடைப்பது போல, அவசரமே இல்லாமல், அவ்வளவு பதவிசாகத் துடைத்தது. துணி நழுவி இந்தப் பக்கம் விழுந்தது. அப்புறம் அந்தக் கை வெறுமனே பல்பை மூடிப் பிடித்துக்கொண்டது.

அறை இருண்டது. விரல்களுக்கு நடுவில் மட்டும் சிவப்பாக வெளிச்சம் கசிந்தது. அது வெந்நீர்ச் செம்பைத் தொட்ட மாதிரி வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும் என்று நான் காத்திருந்தேன். இழுக்கவில்லை. கை அப்படியே இருந்தது. மயிர் பொசுங்குகிற மாதிரி ஒரு வாடை, டேனரி நாற்றத்தையும் மழை வாசனையையும் தாண்டி வந்தது. அப்போதுதான் எனக்குக் கத்த வந்தது.

கத்தியதும் கை போய்விட்டது. அட்டை மறுபடி நேரானது.

பெரியப்பா வந்தபோது நான் தெருவில் மழையில் நின்றுகொண்டிருந்தேன். என்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கீழே கிடந்த துணியைப் பார்த்தார். முக்காலி போட்டு ஏறி பல்பைப் பார்த்தார். கண்ணாடியின் மேல் பழுப்பாக ஏதோ தோல் மாதிரி ஒட்டிக்கொண்டு காய்ந்திருந்தது.

"எரியிற பல்ப மனுஷங்க யாராலயும் அப்படிப் புடிக்க முடியாது" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு எதிர்வீட்டு அம்மாவையும் கூப்பிட்டு, மூன்று பேருமாக உட்கார்ந்து ஜெபம் செய்தோம். பெரியப்பா பல்பை அணைத்துவிட்டு மெழுகுவத்தி ஏற்றினார். அணைத்ததும் தட்டல் வந்தது. தட்டலோடு ஒரு குரலும் வந்த மாதிரி இருந்தது. என்னவென்று புரியவில்லை. பெரியப்பா பாட்டை இன்னும் சத்தமாக எடுத்தார். நாங்களும் எடுத்தோம். அந்தப் பக்கம் அடங்குகிற வரைக்கும் தொண்டை கிழியப் பாடினோம்.

விடிந்ததும் பெரியப்பா கொல்லையில் மணலும் சிமெண்ட்டும் குழைக்க ஆரம்பித்தார். ஓட்டையை ஒரேயடியாக அடைத்துவிடுவதென்று முடிவு. பக்கத்தில் செங்கல் அடுக்கியிருந்தது. டூட்டி முடிந்து பெரியம்மா உள்ளே வந்தாள்.

"இன்னாங்க இது, காலங்காத்தால?"

பெரியப்பா சொன்னார். அவள் முதலில் என்னைத்தான் முறைத்தாள். "கண்ட கதையெல்லாம் கேட்டு பொய் சொல்லக் கத்துக்கினியா?" என்று கையை ஓங்கினாள். பெரியப்பா பல்பைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். அதில் ஒட்டியிருந்ததை அவள் முன் அறை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். ஓங்கின கை எப்போது இறங்கியதென்று தெரியவில்லை. குரல் மாறிவிட்டது.

"பாப்பா, பயப்படாம சொல்லு. சுட்டதும் கைய இழுத்துச்சா?"

"இல்ல பெரியம்மா. அப்படியே வச்சிக்கினு இருந்துச்சு."

"வெரலு எப்படி இருந்துச்சு? நேரா இருந்துச்சா?"

நான் என் கையை நீட்டி, சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் கொக்கி மாதிரி மடக்கிக் காட்டினேன். பெரியம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரி வெள்ளைப் புடவையோடு, ஈரத் தரையில்.

"பேயுமில்ல, பிசாசுமில்ல. அது மரத்துப்போன கை. சூடு தெரியாத கை. நா தினம் அந்த மாதிரி கைங்களுக்குத்தான் கட்டுப் போடறேன்" என்றாள். பிறகு எழுந்து மேஸ்திரி வீட்டுக் கதவைத் தட்டினாள். நான் அவள் பின்னாலேயே போனேன். யாரும் தடுக்கவில்லை.

மேஸ்திரி லுங்கியை இறுக்கிக்கொண்டே கதவைப் பாதி திறந்தார்.

"இன்னா சிஸ்டர்?"

"உன் சம்சாரத்தப் பாக்கணும்."

"அவ குடியாத்தத்துல..."

"நடு ரூமைத் தொற."

அவர் கதவை மூடப் பார்த்தார். பெரியம்மா காலை உள்ளே வைத்துவிட்டாள். பிறகு மேஸ்திரி, நான் பார்த்த ஆம்பளைகளிலேயே தாட்டியான அந்த ஆள், நிலையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"எங்க அக்காவுக்கு இதேதான் சிஸ்டர். ஊருக்கு வெளிய குடிசை போட்டு வுட்டுட்டாங்க. அங்கியே செத்துட்டா. இவளையும் அப்படி வுடச் சொல்றீங்களா? வெளிய தெரிஞ்சா வீடும் போய்டும், வேலையும் போய்டும். வெளிச்சம் பட்டா நோவு ஜாஸ்தியாகும்னு வேற சொன்னாங்க. அதான் உள்ள வச்சேன். சோறு தண்ணிக்குக் கொற வச்சதில்ல."

நடு அறையின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. திறந்ததும் ஈரமும் தேங்காயெண்ணெய்யும் கலந்த வாடை. சுவரோரம் குப்புறக் கவிழ்த்த அண்டா ஒன்று. ஏறி நின்றால் ஓட்டை எட்டும். அதன் பக்கத்தில் ஒரு பெண் முழங்காலைக் கட்டி உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்து, புருவம் உதிர்ந்திருந்தது. அவ்வளவு சின்னப் பெண் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. பள்ளிக்கூடத்து டீச்சர் வயதுதான். பெரியம்மா குனிந்து அவள் வலது கையைத் தூக்கினாள். உள்ளங்கையெல்லாம் கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது.

"எதுக்கும்மா பல்பப் புடிச்சே?"

"தொடச்சேன் சிஸ்டர். கரி புடிச்சா வெளிச்சம் கம்மியாத்தான வரும்? உங்க வீட்டு அண்ணன்தான் சொல்லியிருக்காரு. அட்ட ஓரத்துல கொஞ்சூண்டு வரும், அதுவும் கம்மியாய்ட்டா எனக்கு ஒண்ணுமே தெரியாது." அவள் தன் கையைத் தானே வேடிக்கை பார்ப்பது போலப் பார்த்தாள். "சுட்டுதா இன்னா? தெரியல."

"நா பக்கத்துலயே இருக்கேனே. கூப்புட்டிருக்கக் கூடாதா?"

"மொதல்ல பயந்துக்கினு சும்மா இருந்தேன். இவரு சத்தியம் வாங்கியிருந்தாரு. அப்புறம் வெளக்க அணைக்கறப்பல்லாம் தட்டுவேன், இன்னும் சித்த நேரம் எரியட்டும்னு. நேத்து பேர் சொல்லிக் கூப்ட்டேன் சிஸ்டர். நீங்கல்லாம் பாட்ட சத்தமா பாட ஆரம்பிச்சிட்டீங்க."

வாசலில் சிமெண்ட்டுக் கையோடு வந்து நின்ற பெரியப்பா அதைக் கேட்டார். திரும்பிப் போய்க் குழைத்த கலவையை மண்வெட்டியால் அள்ளி வாழைக்கு அப்பால் கொட்டினார். அந்த மனுஷன் ஒரு பொருளை வீணாக்கி நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

பிற்பாடு எப்படி ஆயிற்று என்று கேட்பீர்கள். வைத்தியம் நடந்தது. மாத்திரை வருஷக்கணக்கில் சாப்பிட வேண்டியிருந்தது. மடங்கின விரல்களை ஆபரேஷன் செய்து ஓரளவு நிமிர்த்தினார்கள். தெருவில் சிலர் வீட்டைக் காலி பண்ணச் சொல்லி சாயபுவிடம் போனார்கள். "டாக்டர் இன்னா சொல்றாரோ அதான். உங்களுக்கு பேஜாரா இருந்தா நீங்க வேற வீடு பாத்துக்கங்க" என்று அவர் அனுப்பிவிட்டாராம். அதெல்லாம் நான் சோளிங்கருக்குத் திரும்பிய பிறகு காதில் விழுந்தவை. நானே கண்ணால் பார்த்தது அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன நாளை. அதைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

வேலூருக்கு அப்பால் மலையடிவாரத்தில் தொழுநோய்க்கென்று ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. பெரியம்மா லீவு போட்டாள். பெரியப்பா வேலைக்குப் போயிருந்ததால் என்னையும் கூட்டிக்கொண்டாள். மேஸ்திரி வர மறுத்துவிட்டார். "ஊரே பாக்கும் சிஸ்டர், என்னால முடியாது" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. வாசல் தாண்டியதும் அவளால் கண்ணைத் திறக்க முடியவில்லை. புடவைத் தலைப்பை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு பெரியம்மா தோளைப் பிடித்தபடி நடந்தாள். காலில் ஒன்றும் இல்லை. எதிர்வீட்டு அம்மா கிறீச்சிட்டு உள்ளே ஓடினாள். செத்துப்போனவள் என்று தெருவே நம்பியிருந்தவள் பட்டப்பகலில் நடந்து போகிறாள். ஒவ்வொரு கதவாகச் சாத்துகிற சத்தம் எங்களோடு கூடவே வந்தது. எனக்கு, அந்தக் கையைப் பார்த்த சாயங்காலத்தை விட அன்றைக்குத்தான் அதிகப் பயமாக இருந்தது.

பஸ்ஸில் பாதிப் பேர் எங்கள் தெருவுக்காரர்கள். அவள் உட்கார்ந்ததும் முன் சீட்டிலிருந்தவர்கள் எழுந்து போனார்கள். கண்டக்டர் அவள் கட்டுப் போட்ட கையையும் முகத்தையும் பார்த்தார்.

"எறங்கும்மா. மத்தவங்க ஏற வேணாமா?"

"அவங்க எதுக்கு எறங்கணும்?" என்றாள் பெரியம்மா. "தொட்டா ஒட்டிக்கிற நோவு இல்லைய்யா இது. நா தினம் தொடறேன், எனக்கு இன்னா ஆச்சு?"

"சிஸ்டர், கொழந்தைங்க இருக்குது வண்டியில" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"இதோ என் கொழந்தையும்தான் பக்கத்துல உக்காந்திருக்குது."

கண்டக்டர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் இன்ஜினை அணைத்தார். அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். பெரியம்மா அவள் முழங்காலை அழுத்தி உட்காரவைத்தாள்.

"யாரு சிஸ்டர் இது? உங்க வீட்டு ஆளா?" என்றார் கண்டக்டர்.

பெரியம்மா வாயைத் திறப்பதற்குள் பின் படிக்கட்டில் யாரோ தடதடவென்று ஏறினார்கள். மேஸ்திரி. ஓடி வந்திருக்க வேண்டும், சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து மூச்சு வாங்கியது. கையில் ஒரு ஜோடி செருப்பு.

"என் சம்சாரம்" என்றார்.

கண்டக்டருக்குக் கேட்டிருக்கும். இருந்தாலும் மேஸ்திரி திரும்பி, அந்தத் தெருக்காரர்கள் முகத்தையெல்லாம் பார்த்து இன்னொரு தரம் உரக்கச் சொன்னார். "என் சம்சாரம்தான். குடியாத்தத்துல ஒண்ணும் இல்ல. இங்கதான் இருந்தா. வண்டிய எடுக்கச் சொல்லு."

பிறகு பஸ்ஸின் நடுவில் மண்டிபோட்டு அவள் காலைத் தூக்கிச் செருப்பை மாட்டினார். கால் நுழைந்துவிட்டதா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. முகத்தை மூடியிருந்த தலைப்பை விலக்கி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, குனிந்து பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

"நொழஞ்சிட்டுது" என்றாள்.

கண்டக்டர் விசில் ஊதினார்.